அக்கா சொன்ன ‘ஓம்’

அக்காவின் ஒரே மகன் லண்டனில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தான். தொண்ணூறுகளின் முற்பகுதியில் அந்தக் குழுவின் ஏற்றத்தையும் சரிவையும் நான் ஆக்லாந்தில் இருந்து பின்தொடர்ந்தேன். ஆனால் எப்போதும் சில மாதங்கள் பிந்தியே. பிரித்தானிய இசை வாரப் பத்திரிகைகள் அப்போது கப்பலில்தான் வரும். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் எந்தப் பொருள் எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தந்தார்கள். மருமகன் எங்கே நிற்கிறான் என்பதை மட்டும் பழைய தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் நாங்கள் இருந்த பாபகூராவில் ரயில் ஏறி, நகரத்துப் பத்திரிகைக் கடையில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டுவேன். குழுவின் பெயர் இருந்தால் வாங்குவேன்.

அத்தான் கொழும்பில் காலமான பிறகு அக்கா எங்களிடம் வந்துவிட்டார். மகனை அதற்கு முன்பே பொறியியல் படிக்க லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அவன் படிப்பை விட்டுவிட்டு மூன்று வெள்ளைக்காரப் பையன்களோடு சேர்ந்துகொண்டான். அங்குள்ள உறவினர் ஒருவர் சொல்லித்தான் அக்காவுக்கு அது தெரியவந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தபோது அக்கா எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “என்னட்டை ஒரு வார்த்தை சொன்னியா?”

அவன் என்னவோ சொன்னான். அக்கா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். “தான் சொன்னவனாம். நான் ஓம் எண்டு சொன்னனானாம். பொய்யைப் பாருங்கோ!” பிறகு அவனிடம், “படிப்பை விட்டது போதாதெண்டு பொய்யும் பழகிட்டாய் என்ன? இனி என்னோடை கதையாதை” என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகும் அவன் ஞாயிறுதோறும் அழைத்தான். நான்தான் எடுப்பேன்.

“மாமா, அம்மா நிக்கிறாவா?”

“பூசைக்குப் போயிட்டன் எண்டு சொல்லு” என்பார் அக்கா, அவனுக்குக் கேட்கும் குரலில்.

“பூசைக்குப் போயிட்டாவாம். அவவே சொல்லுறா.”

அவன் சிரிப்பான். முதல் சில மாதங்கள் சிரித்தான்.

குழுவைப் பற்றி அவன் அதிகம் சொல்வதில்லை. நான் பத்திரிகையில் படித்ததுதான். முதல் இசைத்தட்டைத் தாங்களே பதிவுசெய்து, மதுக்கடை மேடைகளில் வாசித்த பிறகு கையில் வைத்து விற்றார்கள். பிறகு ஒரு சிறிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. பழைய வான் வண்டி ஒன்றில் நாடு சுற்றினார்கள். ஒரு கோடைத் திருவிழாவில் மத்தியான மழையில் வாசித்ததைப் பாராட்டி அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். படத்தில் மற்ற மூவரும் கமராவைப் பார்க்க, எங்கள் பிள்ளை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா எட்டிப் பார்த்தார். “பொலிஸ் பிடிச்சுக்கொண்டு வந்து நிப்பாட்டின மாதிரி நிக்கிறான்” என்றார்.

இன்னொரு இதழில், பாடகனும் கிற்றார்காரனும் இப்போது ஒரே வானில் போவதில்லை என்று இருந்தது. தொலைபேசியில் கேட்டேன்.

“அது பழைய கதை மாமா. இப்ப கதைக்கினம்.”

தாள் பழையது, அவனுடைய சொல் புதியது. ஆனாலும் எனக்குத் தாளிலேயே நம்பிக்கை இருந்தது.

அவர்களுடைய இரண்டாவது இசைத்தொகுப்பில் ஒரு பாட்டு இங்கே மாணவர் வானொலி வரைக்கும் வந்துவிட்டது. தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே தேநீர் குடிக்கும்போது, தூத்துக்குடியில் இருந்து வந்த ஒரு பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க பையன் பாட்டு எங்க வீட்டுல போட்டாங்க. சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. பாட்டு முழுக்க ஓம் ஓம்னு மந்திரம் ஓதுதே. மதம் மாறிட்டானா?”

அக்கா தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார்: “அந்தக் கசெற்றை வாங்கிக்கொண்டு வா. கேக்க வேணும்.”

வாங்கி வந்தேன். அந்தப் பாட்டைப் பற்றி லண்டன் பத்திரிகையும் எழுதியிருந்தது. கீழைத்தேய மந்திரம் என்றும், இடையில் கோயில் சங்கு ஊதுகிறது என்றும். அக்கா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கசெற் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கிற்றார்கள் இரைந்தன. பிறகு அவை அடங்க, ஒரு பெண்ணின் குரல் வந்தது. “ஓம்.” இடைவெளி. “ஓம்... ஓம்.” அதன் பின்னால் நீளமான ஒரு கூவல்.

“இது எங்கடை குக்கர்” என்றாள் என் மனைவி.

குரல் அக்காவுடையது. முன்பெல்லாம் அக்கா லண்டனுக்கு அழைத்தால் முதலில் அவன் இருந்த வீட்டு ஆன்சரிங் மெஷின்தான் பேசும். ஒருநாள் அவன் ஓடிவந்து தொலைபேசியை எடுத்த பிறகும் அது நிற்காமல் பதிந்திருக்கிறது. அவனுடைய பேச்சை வெட்டிவிட்டு, அக்காவின் பதில்களை மட்டும் பாட்டில் வைத்திருந்தான். பாட்டு முடியும்போது அதே குரல், “சரி ராசா, வைக்கிறன், பருப்புக் கரியப்போகுது” என்றது.

அக்கா கசெற்றை நிறுத்தினார். “பருப்புக் கரிஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு. அண்டைக்குத்தான் அவன் நிறையக் கதைச்சவன். நான் அடுப்பைப் பாத்துக்கொண்டு ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான்.”

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். ‘ஆமாம்’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ஓம் பாதி வேளை சம்மதம் அல்ல. சொல்லு, காது இங்கேதான் இருக்கிறது என்பதற்கான சத்தம். பத்தொன்பது வயதில், தூர தேசத்தில், தாயிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது சம்மதமாகவே கேட்டிருக்கிறது. அவன் பொய் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அக்கா தொலைபேசிக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் அவன் ஒரு செய்தி சொன்னான்: குழு அவுஸ்திரேலியாவில் வாசித்துவிட்டு ஆக்லாந்துக்கும் வருகிறது.

“வரட்டும்” என்றார் அக்கா. “போனிலை கதைச்சுத்தான் இவ்வளவும் வந்தது. நேரிலை முகத்தைப் பாத்துச் சொல்லுறன், பிழை என்ரை பக்கமும் எண்டு. நீ ஒண்டும் சொல்லிப்போடாதை.” நான் சொல்லவில்லை.

கச்சேரிக்கு முந்திய நாள் மெல்பேர்னில் இருந்து அவன் அழைத்தான். “மாமா, முடிஞ்சுது.” ஒத்திகையில் பாடகனும் கிற்றார்காரனும் கைகலந்திருக்கிறார்கள். பாடகன் பெட்டியை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டான். பாடகன் இல்லாமல் குழு இல்லை.

“நீ இஞ்சை வா. பிளேன் டிக்கெட் இருக்குத்தானே.”

“படிப்பை விட்டது இதுக்காக. இப்ப இதுவும் இல்லை. எந்த முகத்தோடை அம்மாக்கு முன்னாலை வந்து நிக்கிறது?”

அதற்குள் அக்கா என் கையில் இருந்து தொலைபேசியைப் பறித்துவிட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு மகனோடு பேசுகிறார். சொல்ல வைத்திருந்ததைச் சொல்லிவிடுவார் என்று நானும் மனைவியும் பக்கத்தில் நின்றோம். “என்னைக் கேக்காமல் என்ரை குரலை ஊரெல்லாம் போட்டிருக்கிறாய், வெக்கமில்லையோ உனக்கு?” என்றார். அவர் சொல்ல நினைத்தது அது இல்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“சரியம்மா எண்டான். வைச்சிட்டான்.”

மறுநாள் பின்னேரம் அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். “டிக்கெட் இருக்கெண்டு நீதானே சொன்னாய். வந்தாலும் வருவான். மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போ.” மறுக்க முடியவில்லை. ரயிலில் போனோம். மண்டபத்தின் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. சுவரொட்டியின் மேல் குறுக்காக ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். செய்தி எட்டாத இளைஞர்கள் சிலர் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவை மண்டபத்தில் துப்புரவு வேலை செய்பவர் என்று நினைத்தார்களோ என்னவோ, டிக்கெட் காசு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று ஒருத்தி கேட்டாள். தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள்.

அக்கா சுவரொட்டியில் குனிந்து நின்றவனை விரலால் தொட்டு, “மை சன்” என்றார்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றாள். பாபகூராவைத் தாண்டி இன்னும் தெற்கே இருந்து வந்திருக்கிறாளாம். “நாங்கள் வந்தோம் என்று அவரிடம் சொல்வீர்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துத் தலையாட்டினார்.

ரயில் நிலையத்தில் அக்கா கேட்டார்: “லண்டனுக்கு எப்ப போய்ச் சேருவான்? எந்த நம்பருக்கு எடுக்கிறது?”

என்னிடம் ஒரே ஓர் இலக்கம்தான் இருந்தது. இப்போது பிரிந்துவிட்ட அந்த நால்வரும் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீட்டின் இலக்கம்.