மூணு சீட் ஹெலிகாப்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டரில் பறக்கப் போனேன். பறக்கவில்லை. ஆனாலும் ரொம்ப சந்தோஷமாக வீடு திரும்பினேன்... எப்படி?

விருதுநகருக்கு வெளியே ஒரு பொட்டலில், ஊரைச் சுற்றிக்காட்டும் குட்டி ஹெலிகாப்டர் வந்திருந்தது. பைலட் போக மூன்று சீட். தொப்பையைக் குறைக்கத் தினமும் வாக்கிங் போகும் பக்கத்து வீட்டு வத்தல் மண்டி அண்ணாச்சி, அவர் மனைவி — எனக்கு மதினி முறை — அப்புறம் ஒல்லிக்குச்சியான நான். அன்றுதான் கடைசி நாள். எங்களுடையது கடைசி ட்ரிப்.

ஆசை முழுக்க மதினிக்குத்தான். பிறந்த ஊர் சிவகாசி. "மேல போறதையெல்லாம் கீழ நின்னே பாத்தாச்சு தம்பி. ஒரு தடவையாவது மேல இருந்து கீழ பாக்கணும்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொட்டலுக்கு வந்ததும் அண்ணாச்சி நின்றுவிட்டார். "மூணு பேராப் போகக் கூடாதுய்யா. காரியம் வெளங்காது."

மதினியின் முகம் வாடிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பைலட்ட விட்டுட்டீகளே அண்ணாச்சி! அவரோட சேத்தா நாலு!"

"அட, ஆமால்ல!" என்று சிரித்துவிட்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்தது எடை மெஷின். மூன்று பேர் எடையையும் கூட்டிப் பார்த்த பைலட் தலையை ஆட்டினார். சீட் இருந்தால் மட்டும் போதாதாம், எடைக்கும் ஓர் அளவு உண்டாம். ஷேர் ஆட்டோ மாதிரி 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' கதையெல்லாம் நடக்காது.

"சாக்கு எடையக் கழிச்சுப் பாருங்க" என்று அண்ணாச்சி தன் வேட்டி சட்டையைக் காட்டினார். மண்டியில் வத்தல் மூட்டைக்கு அப்படித்தானே கழிப்பார்கள்! பைலட் சிரித்தார். கழிக்கவில்லை.

"ஒருத்தர் நின்னாப் போதும் சார்."

"நான் நிக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் அண்ணாச்சி.

நான் ஏறப் போனேன். மதினி விரல் விட்டு எண்ணினார். அவர், நான், பைலட்... மூன்று! பைலட்டைக் கணக்கில் சேர்த்த புத்திசாலி யார்? அடியேன்தான். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

மதினி பயந்துகொண்டே பறந்தால் அது என்ன பறப்பு? நானும் ஒதுங்கிக்கொண்டேன்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பைலட் பக்கத்து சீட்டில் தனியாக ஏறினார். ஹெலிகாப்டர் புழுதியைக் கிளப்பி மேலே எழும்பியதும் அண்ணாச்சி துண்டை வீசி விசில் அடித்தார் — அறுபது வயதில்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி என்று சமாளித்தேன்.

இறங்கி வந்தவர் முகம் கொள்ளாத சிரிப்பு.

"என்ன பாத்தீக மதினி?"

"மேல இருந்து பாத்தா நீங்க ரெண்டு பேரும் ஒரே சைஸ்லதான் இருக்கீக தம்பி!"

மறுநாளே அண்ணாச்சி வாக்கிங் போவதை நிறுத்திவிட்டார்.