கறுத்த திரையோடு சிதம்பரம் போனேன்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் என் லேப்டாப் திரை கறுத்துப்போனது. பவர் பட்டனில் விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, திரையில் படம் மட்டும் இல்லை. அலையாத்திக் காட்டு நண்டுகளைப் பற்றிய என் ஆய்வை மறுநாள் சிதம்பரத்தில் விளக்க வேண்டும். கடைசியாகத் திருத்திய ஸ்லைடுகள் அதற்குள்தான் இருந்தன.

கணவரோடு கடலூரில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார், அவ்வளவுதான்.

"மதர்போர்டு போச்சு பாய். புதுசா வாங்கிடுங்க," என்றார் என் கணவரிடம்.

"அண்ணே, லேப்டாப் என்னுது. எத வச்சு போர்டு போச்சுங்கிறீங்க?"

அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. "லேடீஸுக்கு இதெல்லாம் புரியாது பாய்."

லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பையில் போட்டேன்.

"தெனம் இதையே பாக்குறவரு," என்று வெளியே வந்து கணவர் தயங்கினார்.

"இத அவரு பாக்கவே இல்லீங்க."

வீட்டுக்கு வந்ததும் போனில் தேடிப் படித்தேன். மவுஸ், பென் டிரைவ், சார்ஜர் எல்லாவற்றையும் உருவினேன். பேட்டரியைக் கழற்றி, உள்ளே தங்கிய கரண்ட் வடியும்வரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். சார்ஜரை மட்டும் செருகி மறுபடி ஆன் செய்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

"கடக்காரரே சொல்லிட்டாரு, ஏம்மா மல்லுக்கட்டுற?" என்றார் என் மாமியார்.

"ஆமா மாமி, மல்லுதான் கட்டுறேன்."

அடுத்து டார்ச்சைத் திரையில் சாய்த்து அடித்தேன். இருட்டுக்குள் மங்கலாக, முகப்பில் நான் வைத்திருந்த நண்டுப் படம் தெரிந்தது. கத்திவிட்டேன். மாமி சீரியல் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் கேபிளை செட்-டாப் பாக்ஸிலிருந்து உருவி லேப்டாப்பில் செருகினேன். டிவி முழுக்க அதே நண்டு! ஃபைலைத் திறந்தேன், ஸ்லைடுகள் அப்படியே இருந்தன. திரைக்குப் பின்னால் எரியும் விளக்குதான் போயிருந்தது. போர்டுக்கு ஒன்றுமில்லை.

"சரி, வேற லேப்டாப்ல காப்பி பண்ணிக்க," என்றார் கணவர்.

காப்பி எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் கொண்டுபோனது இதைத்தான்.

மறுநாள் தேர்வாளர் கறுத்த திரையைப் பார்த்து, "வேற ஏற்பாடு பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"வேணாம் மேடம். இது ஓடும்."

புரொஜெக்டரில் மாட்டினேன். சுவரில் படம் விழுந்தது. கேள்விகள் கடுமையாகத்தான் வந்தன. ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை, தெரியாது என்று நிமிர்ந்தே சொன்னேன். மற்றவற்றுக்கு விடாமல் வாதாடினேன். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் அறிவித்தபோது முதலில் எழுந்து கைதட்டியது பார்வையாளர் வரிசையில் இருந்த என் கணவர்.