கயிற்றுக்குச் சட்டை

என் கணவரின் அண்ணன் தங்கமான மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு ஒரே வீட்டில் இருந்து சோறு பொங்கியதில்லை.

தாமிரபரணி கடலில் போய் விழும் இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையை ஒட்டி எங்கள் வீடு. வாசலுக்கு எதிரே சிமெண்ட் சுவர் கட்டிய கரை. அதில்தான் எங்கள் ஃபைபர் படகு கட்டிக் கிடக்கும். படகு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. ஆனால் அதை வாங்கியபோது கழுத்தும் கையும் மொட்டையானது எனக்கு மட்டும்தான். ஸ்ரீவைகுண்டத்தில் என் அப்பா வாழை போட்டுச் சேர்த்துச் செய்து போட்ட நகை அத்தனையும் படகாக மாறி மிதக்கிறது. அது போனால் எங்களுக்கு அடுப்பு எரிய வேறு வழி கிடையாது.

அப்பேர்ப்பட்ட படகில் நான் கால் வைக்கக்கூடாது. பெண் ஏறினால் மீன் படாதாம். அது அவர்கள் வீட்டு வழக்கம். மீனை ஆயலாம், கூடையில் சுமந்து போய் விற்கலாம், படகைக் கழுவ ஆற்றுத் தண்ணீர்கூட மொண்டு கொடுக்கலாம், கரையில் நின்றுகொண்டு. என் நகை ஏறலாம், நான் ஏறக்கூடாது. என்ன நியாயமோ!

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. கயிற்றைப் பற்றித் தெரியும். வாழை குலை தள்ளியதும் காற்றில் சாயாமல் இருக்கக் கயிறு கட்டுவோம். கட்டுகிற இடத்தில் சருகை மடித்து வைக்காவிட்டால், ஆடி ஆடி உரசி, கயிறு தண்டை அறுத்துவிடும். வாழைத்தண்டு இளசு, அதனால் கயிறு அதை அறுக்கும். இங்கே சிமெண்ட் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது. படகின் முன்பக்கத்துக் கயிறு சுவர் விளிம்பில் மடங்கி இரும்புத் தூணுக்கு வரும். அலை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மடங்கிய இடம் தேய்ந்து பஞ்சு பஞ்சாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

அப்பாவின் பம்புசெட்டில் கழித்துப் போட்ட துணி ஹோஸ் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். தூணில் இருந்த சுருக்கை அவிழ்த்து, ஹோஸைக் கயிற்றில் கோத்து, விளிம்பில் படும் இடத்துக்குத் தள்ளி, இரண்டு முனையிலும் நூல் கொண்டு கட்டினேன். இறுக்கமான ஹோஸ் ஆகாது. உள்ளே தண்ணீர் போய்வர இடம் வேண்டும். ஆற்று மணல் உள்ளே தங்கிவிட்டால் அதுவே அரத்தைப் போல் கயிற்றைத் தின்னும். அதனால் அடிக்கடி அவிழ்த்து அலசிவிட்டு, திரும்பக் கட்டும்போது கயிற்றைக் கொஞ்சம் இழுத்து இடம் மாற்றிக் கட்டுவேன். ஒரே இடம் எத்தனை நாள் அடி வாங்கும்?

மைத்துனர் கரையில் பல் குத்திக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏளா, கயித்துக்குச் சட்டை தச்சுப் போடுதியோ? அப்படியே பாவாடையும் தச்சிரு. குளுருதுன்னு அழுதுரப் போவுது."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் இவருக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கரைப்பக்கம் என் கைக்கு எட்டியது. கயிற்றின் படகுப் பக்கம் எட்டவில்லை. படகின் முன்விளிம்பு எப்போதோ இடித்து ஒரு கைப்பிடி அளவுக்கு உடைந்திருந்தது. ஃபைபர் உடைந்த இடம் கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கும். கயிறு சரியாக அதன் மேல்தான் போனது. கரையில் நின்று பார்த்தாலே புரி பிரிந்திருப்பது தெரிந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் அண்ணனிடம் கேட்டார். சொந்தப் படகில் ஒரு முழம் ஹோஸ் கட்ட அண்ணனிடம் உத்தரவு!

"பொம்பள பேச்சக் கேட்டுப் படகுல கை வைக்கப் போறியாலே?" என்றார் அவர். அதோடு இவர் வாயை மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை. தினமும் சொன்னேன், சோறு போடும்போது சொன்னேன், சண்டை போட்டும் சொன்னேன். கடைசியில் வெறுத்துப் போய், புதுக்கயிறு ஒன்றில் ஹோஸைக் கோத்துச் சுருட்டி வீட்டுப் பின்புறம் ஆணியில் மாட்டி வைத்தேன். அதைக் கட்ட வேண்டுமானால் யாராவது படகில் ஏற வேண்டும். ஏறக்கூடியவர்களுக்கு மனமில்லை.

கார்த்திகையில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோரம் இருப்பவர்கள் கவனம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் ஆறு செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டது. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாக வந்தது. வேரோடு சாய்ந்த வாழைகள் வந்தன. யார் வயிற்றெரிச்சலோ என்று நினைத்துக்கொண்டேன்.

"அதெல்லாம் நம்ம கயிறு தாங்கும்" என்று சொல்லிவிட்டு மைத்துனர், தம்பியையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரின் படகைக் கரையேற்றப் போனார். ஊருக்கு உபகாரம்!

நான் சுவரோரம் நின்றேன். ஓட்டத்தில் எங்கள் படகு சுவரை ஒட்டி நீளவாக்கில் கிடந்து துள்ளியது. முன்கயிறு விறைத்து நின்றது. நான் ஹோஸ் கட்டிய கரைப்பக்கம் அசையவில்லை. உடைந்த விளிம்பில் ஒரு புரி 'பட்' என்று விட்டது. மிச்சம் இரண்டு புரி. அதுவும் அறுந்தால் படகு திரும்பிச் சுவரில் அடிபட்டு, பின்கயிற்றையும் அறுத்துக்கொண்டு நேரே கடலுக்குப் போகும். என் கழுத்தும் கையும் அதோடு போகும்.

பின்புறம் ஓடிப்போய் அந்தக் கயிற்றை எடுத்து வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். குதித்தேன்.

படகுக்குள் விழுந்ததும் முழங்காலில் நல்ல அடி. வலியைப் பார்க்க நேரமில்லை. உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டையில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். விளிம்பில் படும் இடத்துக்கு ஹோஸை இழுத்து வைத்தேன். அதற்குள் சத்தம் கேட்டது.

"ஏளா! எறங்குளா கீழ! படகுல கால வச்சிட்டாளே பாவி!"

மைத்துனர் சுவரோரம் ஓடி வந்துகொண்டிருந்தார், பின்னால் என் கணவர். கயிற்றின் மறுமுனையைக் கணவரைப் பார்த்து வீசினேன். அது அவர் காலடியில் விழுந்தது. அவர் குனியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"கயித்தப் பாரும்! அண்ணன் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கீரு? படகையா அந்த மூஞ்சில கட்டியிருக்கு? எடுத்துத் தூண்ல சுத்தும்!"

என் ஆயுளில் அவரைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. குனிந்து எடுத்துத் தூணில் சுற்றினார். சுற்றி முடிக்கவும் பழைய கயிறு அறுந்து என் காதோரம் விசிறிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. படகு பின்னால் ஒரு முழம் போய், புதுக்கயிற்றில் இழுபட்டு நின்றது. மைத்துனர் இன்னும் "எறங்கு, எறங்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சத்தம் குறைந்துவிட்டது.

வெள்ளம் வடிந்ததும் முதல் வேலையாக மைத்துனர் அண்டாவில் மஞ்சள் கரைத்தார். என் கால் பட்ட தீட்டுப் போகப் படகு முழுக்க ஊற்றிக் கழுவினார். குறுக்குக் கட்டையைத் தேய்த்தார். நான் குதித்த இடத்தைத் தேய்த்தார். சூடம் காட்டினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்விளிம்புக்கு வந்தார். நான் கட்டிய ஹோஸை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். அவிழ்ப்பார் என்று நினைத்தேன். முடிச்சை இறுக்கிவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் என்னைப் பார்க்காமல், தம்பியிடம் சொல்வது போல், எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"பின்கயித்துக்கும் அது மாதிரி ஒண்ணு கெடந்தா நல்லதுலே. வீட்டுல இருந்தா எடுத்துட்டு வா."

என் கணவர் என்னிடம் கை நீட்டிக்கொண்டு வந்தார். நான் ஹோஸைக் கொடுக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். மஞ்சள் ஈரம் காயாத படகில் அவர் கண்முன்னாலேயே பைய ஏறி, பின்பக்கம் உட்கார்ந்து, கயிற்றில் கோத்து, இரண்டு முனையிலும் கட்டினேன். மைத்துனர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நான் இறங்கி வந்ததும் அண்டாவை மறுபடி எடுத்தார். கழுவட்டும். ஆற்றில் தண்ணீருக்கா பஞ்சம்?