தீபாவளி லோடும் பின்பக்கப் படிக்கட்டும்

விற்ற சாமானுக்கு ஒரு நாளும் வேலை வந்துவிடக் கூடாது என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டே விற்கிற தொழில் என்னுடையது: தீயணைப்புச் சிலிண்டர், அபாய மணி, இன்ன பிற. விருதுநகர், சிவகாசிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கும் சகாக்களே, நம் பாடு நமக்குத்தானே தெரியும். சிவகாசியில் நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் நான் பட்டதைக் கேளுங்கள்.

சந்தனச் சிலிண்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் சர்வீஸுக்குப் போனேன். எல்லாச் சிலிண்டருக்கும் பொட்டு, மாலை. பக்தி முற்றிப்போய்க் குழாய் வாயிலும் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். அது காய்ந்து கல்லாகிக் கிடந்தது. இழுத்துவிட வேண்டிய கம்பியில் மாலை நூலை ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சு வேறு. ஊசியால் குடைந்து என் விரல் வீங்கிவிட்டது. அவசரத்துக்கு இதை எப்படி எடுப்பீர்கள் என்று முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"சாமியா நெனச்சு வச்சிருக்கோம்மா, அதப் போயி எடுப்பாகளா?"

மணி அடித்தால் சோறு

அதே மதியம் அபாய மணியை அடித்துப் பார்த்தேன். சாப்பாட்டு மணி என்று நினைத்து எல்லாரும் கை கழுவப் போய்விட்டார்கள். வாசலுக்கு ஓடியது மாரிச்செல்வி ஒருவர்தான். மூன்றாம் மாடியில் சேலை விற்பவர். அதற்குமுன் பத்து வருஷம் பட்டாசுக் கம்பெனி வேலை. மற்றவர்கள் சிரித்ததை அவர் சட்டை செய்யவில்லை.

"பட்டாசு ரூம்ல வாசல்ல ஒரு செருப்பு கெடந்தாக்கூட போர்மேன் வைவாருக்கா. இங்கன பின்வாசல் எங்கன இருக்குன்னே தெரியல."

கையெழுத்து

தெரியாததில் ஆச்சரியமில்லை. பின்பக்கப் படிக்கட்டு முழுக்கத் தீபாவளி லோடு, கூரை வரைக்கும் பண்டல். கடையின் தீயணைப்பு லைசென்ஸைப் புதுப்பிக்க, எல்லாம் சரி என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். சீசன் முடிந்ததும் எடுத்துவிடுகிறேன், இப்போது போடு என்றார் அண்ணாச்சி. எனக்கு இருப்பதிலேயே பெரிய கஸ்டமர் அவர். போட்டால், மேலே நிற்கும் முந்நூறு பேருக்கு நான்தான் ஜவாப்தாரி. போடாவிட்டால் கடை கைவிட்டுப் போகும். பயமாகத்தான் இருந்தது. முடியாது என்றேன். பட்டாசு ஊரில் பிறந்தவனுக்கே தீயைப் பற்றிப் பாடமா, உன் சிலிண்டரையெல்லாம் கழற்றிக்கொண்டு போ என்று சத்தம் போட்டார்.

நான் ஸ்பேனரை எடுக்கும்போது மாரிச்செல்வி வந்து நின்றார். பின்னாலேயே மூன்றாம் மாடி மொத்தமும்.

"படி காலியானாத்தான் மேல ஏறுவோம் அண்ணாச்சி. இல்லன்னா பட்டாசுக்கே போறோம். அங்கனயாச்சும் வாசல் தொறந்து கெடக்கும்."

ரோட்டில் ஒரு கேள்வி

சாயங்காலத்துக்குள் படி காலி. நானும் கையெழுத்துப் போட்டேன். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில் இரண்டாம் மாடி ஏசி தீப்பிடித்து, முன்படியெல்லாம் புகை மண்டிவிட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த நான் ஓடிப் போய்ப் பார்த்தால், மாரிச்செல்வி பின்படி வழியாகக் கூட்டத்தை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் கீறல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரக்கை இறக்கவா என்று கேட்டவர்களை அண்ணாச்சி ரோட்டில் நின்று அதட்டினார்.

"சரக்கு கெடக்கட்டும்லே. ஆளு அம்புட்டுப் பேரும் வந்தாச்சா?"

முந்நூறு பேர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று எந்தப் பேப்பரும் போடாது என்பதால், கொஞ்சம் பெருமையோடு நானே எழுதிவிட்டேன்.