செருப்பு விடும் இடம்

எங்கள் சபையின் வாசலில் பதினோரு வருஷம் நின்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு கேட்டைத் திறப்பேன், ஒன்பதுக்குச் சாத்துவேன். அதற்குப் பிறகு கெஞ்சி உள்ளே வருகிறவர்கள் கடைசிப் பாயில் உட்காரவேண்டும், அன்றைக்கு அவர்களுக்குத் திருவிருந்து அப்பமும் ரசமும் கிடையாது. பூ வைத்துக்கொண்டு வரும் பெண்களை நிறுத்தி எடுக்கச் சொல்வேன். கம்மல், மூக்குத்தி, வளையல் எதுவும் என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை. எங்கள் சபையில் அதெல்லாம் உலகத்தின் காரியங்கள். வாசலில் சிஸ்டர் நிற்கும்வரை சாத்தானுக்கு இங்கே வேலையில்லை என்று பாஸ்டர் ஒருமுறை மைக்கிலேயே சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கிறேன். வீட்டுக்காரர் குடித்தே செத்தார். பிள்ளை இல்லை. அவர் செத்த வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். படையல் போட்ட பொங்கலைத் தொடமாட்டேன் என்றேன், சொந்தக்காரர்கள் பொங்கல் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். காதுகுத்துக்கு வரமாட்டேன் என்றேன், பத்திரிகை வைப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் பேச்சும் நின்றது. கர்த்தருக்காக இழந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

உண்மை வேறு. எனக்குப் பயம். ஒரு சட்டம் தவறினாலும் கர்த்தர் அடிப்பார் என்று பயம். வீட்டுக்காரர் அடிப்பாரே என்று பயந்து நேரத்துக்குக் குழம்பு வைத்தவள்தானே நான். ஆள்தான் மாறியது. பயம் அப்படியே இருந்தது.

போன வருஷம் தை மாதத்தில் அவள் வந்தாள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் பூ விற்கிறவள், காவாந்தண்டலத்துக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பாட்டுச் சத்தம் கேட்டு வந்தாளாம். கையில் வாழையிலையில் சுற்றிய மல்லிச்சரம். காலையில் கூடையிலிருந்து முதலில் அறுக்கிற முழத்தைச் சாமிக்கு எடுத்துவைப்பது அவள் வழக்கம். இத்தனை நாளும் மாரியம்மனுக்கு வைத்துக்கொண்டிருந்ததை இங்கே கொண்டுவந்துவிட்டாள்.

"இங்க பூவெல்லாம் கெடையாது," என்றேன்.

"எனுக்கில்லக்கா. சாமிக்கி."

"சாமிக்கும் வாணாம். அக்கான்னு கூப்புடாத. சிஸ்டர்னு சொல்லு."

"ஏன் சிஸ்டரு, உங்க ஏசுக்கு வாசன ஆவாதா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"சிரிக்காத. தலையில கீற பூவ எடு. மூக்குத்தியையும் கழட்டு."

"பூவ எடுத்துடறேன். மூக்குத்தி வராதுக்கா. சின்னப் பொண்ணா இருக்கச்சொல்ல போட்டது, சதையோட ஒட்டிக்கினு கீது. மூக்கோட அறுத்துத்தான் குடுக்கணும்."

"அப்ப வெளியில உக்காரு."

கோபப்படுவாள், போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. செருப்பு விடும் இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பிரசங்கம் கேட்டாள். அவள் கண்ணெதிரிலேயே அந்தச் சரத்தை மதிலுக்கு அந்தப்பக்கம் வீசினேன். பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

"ஆடு துன்னா இன்னா," என்றாள். "அதுவும் அவுரு படைச்சதுதான."

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். செருப்புகளை ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். சாரல் அடித்தால் உள்பக்கம் நகர்த்துவாள். அறுந்த வாருக்குத் தன் ரவிக்கையிலிருந்து ஊக்கை எடுத்துப் போட்டுவைப்பாள். எந்தச் செருப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் வாசலில் நின்ற எனக்கு ஒருவர் செருப்புகூடத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் காதும் மூக்கும்தான். பாவம், இவளுக்கு விவரம் பத்தாது என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து எனக்கும் ஞானஸ்நானம் குடுப்பாங்களா என்று கேட்டாள். பாஸ்டரிடம் சொல்கிறேன் என்றேன்.

சித்திரையில் எனக்கு அம்மை போட்டது. பள்ளிக்கூடம் லீவு. பாஸ்டருக்கு போன் போட்டேன். "ஜெபிக்கிறோம் சிஸ்டர்," என்றார். அடுத்த வார்த்தை, "வாசலுக்கு வேற யாரப் போடலாம்?"

இரண்டு நாள் தண்ணீர் மொண்டுதர ஆள் இல்லாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் வீட்டை விசாரித்துக்கொண்டு, கதவைத் தள்ளி அவள் வந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்சியெல்லாம் மொட்டு கட்டிக்கினு கீது? சாமிக்கே வைக்கலாம் போல."

"வராத. ஒட்டிக்கும்."

"எனுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிட்ச்சி. படு."

கூடையில் பூ இல்லை, வேப்பிலை இருந்தது. பாயில் பரப்பி என்னை அதன்மேல் படுக்கவைத்தாள். ஒரு கொத்தை எடுத்து வாசல் நிலையில் கட்டப் போனாள். நான் கத்தினேன்.

"கட்டாதடி! அது அம்மனுக்குக் கட்டறது."

"கொழந்த குட்டி ஓடியாந்துடக் கூடாதுன்னு கட்டறன். புடிக்கலன்னா எழுந்து வந்து அவுத்துடு."

எழ முடியவில்லை.

இரண்டு வாரம் இருந்தாள். கூழ் கரைத்தாள், மோர் கொடுத்தாள், தாளிக்காமல் சமைத்தாள். அரிப்பில் நான் நகத்தை வைத்தால் கையில் அடித்துவிட்டு வேப்பங்கொத்தால் வருடிவிட்டாள். சீழ் பட்ட சேலையை அவள்தான் துவைத்தாள். பேருந்து நிலையத்தில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி கூடையை வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். "போயி ஒரு சண்ட போட்டாப் போச்சு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைக்குப் போகச் சொன்னேன்.

"மணி ஒம்போதாயிட்ச்சி. நீ போட்ட சட்டம்தான, கேட்ட சாத்திருவாங்க," என்றாள்.

"போவலன்னா பாவம்."

"அப்ப இங்கயே ஒரு பாட்டு பாடு. கேக்கறன்."

தொண்டையிலும் கொப்புளம். கிணற்றுத் தவளைபோல ஒரு பாட்டு பாடினேன். அவள் என் உடம்பைத் துடைத்துக்கொண்டே வார்த்தையெல்லாம் தப்புத்தப்பாகக் கூடப் பாடினாள். என் வீட்டில் இரண்டு குரல் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பத்தாம் நாள் பாஸ்டர் பைக்கில் வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நிலையில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார். வண்டியை அணைக்கவேயில்லை. திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு அவள் ஞானஸ்நானத்தைப் பற்றி விசாரிக்க பாஸ்டரும் சபைப் பெரியவர்களான இரண்டு மூப்பர்களும் உட்கார்ந்தார்கள். வருகையைப் பார்க்கிறவள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அவள் வெளியே, செருப்பாண்டை நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"ஒழுங்கா வராங்களா சிஸ்டர்?"

"ரெண்டு ஞாயிறு வரல."

"கோயிலுக்கு மாலை கட்டிக் குடுக்கறாங்களா?"

"கட்டறா."

பாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டு வாசல்ல வேப்பிலை பார்த்தேனே?"

"நான் கட்டல."

"யாரு?"

"அவதான்."

ஒன்றும் பொய் இல்லை. அந்த இரண்டு ஞாயிறும் எங்கே இருந்தாள் என்று அவர்கள் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. வேப்பிலையை நான் கட்டினேன் என்று ஆகிவிட்டால் வாசல் என்னிடம் இருக்காது. அந்த வாசலைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறு எதுவும் இல்லை. அதற்காக அவளைக் கொடுத்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, இதுதான் நடந்தது.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பாஸ்டர் முடித்தார். நான் வெளியே வந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், எனக்கு வரும். அவள் குனிந்து, கவிழ்ந்து கிடந்த மூப்பர் ஒருவரின் செருப்பை நிமிர்த்தி வைத்தாள். தன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்ப வரவில்லை.

அதற்குப் பிறகு செருப்பு விடும் இடம் குப்பைமேடு மாதிரி ஆனது. மழையில் நனைந்தது. ஒற்றைச் செருப்போடு ஆட்கள் சண்டை போட்டார்கள். நான் நறுக்கென்று ஒன்பதுக்கு கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு தட்டு கழுவி ஒரு தட்டில் சோறு போட்டுத் தின்றேன். போன் அடிக்காது. சில நாள் அதை எடுத்து உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் அதிகாரி வருகிறார் என்றால் தலைக்குத் துணி கட்டுவோம், முன்கவசம் போடுவோம், அண்டாவை மூடுவோம். அவர் போனதும் எல்லாம் ஆணிக்குப் போய்விடும். ஒருநாள் அப்படி அவிழ்த்து மாட்டும்போது கை நின்றது. பதினோரு வருஷமாகக் கர்த்தருக்கு நான் செய்தது இதுதான். அவரை அதிகாரியாகத்தான் பார்த்திருக்கிறேன். அவர் பிள்ளைகள் வயிறு நிறைய வேண்டும் என்று ஒருநாளும் சமைக்கவில்லை, அவர் குறை எழுதிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று சமைத்தேன். அவளுக்குச் சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் என்ன கேட்பாரோ அதைச் செய்துவிட்டுப் போனாள். என் சீழைத் துடைத்தாள்.

ஆவணியில் ஒரு ஞாயிறு, கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சாட்சி சொல்லும் நேரம். ஒருவருக்கு வேலை கிடைத்திருந்தது, ஒருவருக்கு இடுப்புவலி போயிருந்தது. நான் எழுந்தேன்.

"அந்தப் பூக்காரம்மா ரெண்டு ஞாயிறு வரலன்னு சொன்னேன். அந்த ரெண்டு ஞாயிறும் என் வூட்லதான் இருந்தா. அம்மையில அழுகிக் கெடந்தேன். உங்கள்ல ஒருத்தர் வரல. அவ என் மலத்த எடுத்துப் போட்டா. இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் வாசல் போயிடும்னு சொல்லல."

பாஸ்டர் கையைக் காட்டினார். டிரம்ஸ் அடித்தது, பாட்டு ஆரம்பித்தது. நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன், என் வாய் அசைவதைத்தான் அவர்கள் பார்த்திருப்பார்கள். வெளியே வந்து செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து பாஸ்டர் வந்தார்.

"என்ன சிஸ்டர் இது? சாட்சி நேரத்துல..."

"சாட்சிதான் சொன்னேன் பாஸ்டர்."

"அடுத்த வாரம் வாசல்ல யாரு நிக்கறது?"

"யாரும் நிக்க வாணாம். தெறந்து வுட்ருங்க."

மறுநாள் மாலை பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவள் இடம் போனதுதான். சுவரோரம், மூத்திர நாற்றம் அடிக்கிற மூலையில் கூடையை வைத்திருந்தாள். மானாம்பதி பஸ் வந்து போகும்வரை நின்றேன். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாதவள் நான்.

"அன்னிக்கிச் சொல்லாதத நேத்து சபையில சொல்லிட்டேன்," என்றேன்.

"கேள்விப்பட்டேன்." கை பூ கட்டிக்கொண்டே இருந்தது. நாரை இறுக்கினாள்.

"எல்லாரும் பாடிட்டாங்க. யாருக்கும் கேக்கல."

"எனுக்கு அன்னிக்கி எல்லாம் கேட்டுது."

ஒரு அம்மா பூ வாங்கிக்கொண்டு போனாள்.

"நீ வரியா?" என்று கேட்டேன்.

"வர மாட்டேன்." உடனே சொன்னாள். நாலு பூ தொடுத்துவிட்டு, தலை நிமிராமலேயே, "நீ எங்க உக்கார்ற? உள்ளயா?" என்றாள்.

"வெளியில. செருப்பாண்ட."

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"கம்பு ஊணிக்கினு வருவாரே ஒரு தாத்தா, அவரு செருப்ப ரெண்டாவது படிமேல வை. கீழ வெச்சா குனிய முடியாது அவரால."

அவ்வளவுதான் சொன்னாள். பூ கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது நான்கு மாதமாகிறது. வாசலில் வேறொரு சிஸ்டர் நிற்கிறாள், ஒன்பதுக்குச் சாத்துகிறாள். சபையில் என்னோடு பேசுவது நின்றுவிட்டது. நான் கர்த்தரை விடவில்லை. ஜன்னல் வழியாகக் கேட்கிறேன். அவள் வரவில்லை. வருவாள் என்று நான் நினைக்கவும் இல்லை, ஆனாலும் எட்டரை மணிக்கு ரோட்டைப் பார்க்கிறேன்.

தாத்தாவின் செருப்பை இரண்டாவது படியில் வைக்கிறேன். அவர் வெளியே வந்து, கீழே பார்க்காமலே காலை நுழைத்துக்கொண்டு போகிறார்.