பிழை எங்கே என்று காட்டச் சொல்லிக் கேட்டேன்

நாற்பத்தெட்டு. நாற்பத்தாறு. நாற்பத்தொன்று. படிக்கப் படிக்க என் புள்ளி குறைந்துகொண்டே வந்தது.

சகோதரிகளே, உங்கள் எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும். நான் நிந்தவூர் நஸீமா. நோய் தீர்ந்தவர்களும் உயிர் தப்பியவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் இடத்தில் நான் ஒரு பரீட்சையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். "இதெல்லாம் ஒரு பெரிய சோதனையா?" என்று யாராவது நினைக்கக்கூடும். அந்த நாட்களில் எனக்கு அது மூச்சு முட்டுகிற சோதனையாகத்தான் இருந்தது.

சுனாமியாகக் கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாப்பாவையும், கடற்கரை வீதியிலிருந்த எங்கள் வீட்டையும், வீட்டோடு ஒட்டியிருந்த அவருடைய சில்லறைக் கடையையும் ஒரே காலைப் பொழுதில் இழந்தோம். நானும் உம்மாவும் மிஞ்சினோம். நான் பட்டப்படிப்பை முடித்திருந்த நேரம் அது. அடுத்த வருஷம் கல்முனையில் ஒரு நிவாரண நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கடலோரப் பெண்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க உதவுவதுதான் எங்கள் வேலை. அரிசி மா இடித்தார்கள், கருவாடு போட்டார்கள், நெசவு நெய்தார்கள். சாமான் எல்லாம் தரமாக இருந்தது. ஆனால் விற்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தொழிலாகப் படுத்துவிட்டது. "தங்கச்சி, இனி என்ன செய்யிற?" என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. 

யுத்தம் முடியப்போகிற காலத்தில் நிறுவனம் எங்கள் கிளையை மூடப்போவதாக அறிவித்தது. அதே மாதம் கொழும்பில் வியாபார முகாமைத்துவம் படிக்க, அதாவது எம்.பி.ஏ. செய்ய, கிழக்கிலிருந்து ஒரு பெண்ணுக்குப் புலமைப்பரிசில் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஒரே ஒரு பெண்ணுக்கு. நுழைவுப் பரீட்சையில் நூற்றுக்கு எழுபது புள்ளிக்குக் குறைந்தால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டார்கள்.

என் கணவர் ஜௌபர் என் மாமி மகன். வயல் செய்கிறவர். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் முதலில் சொன்னார்.

"எழுது நஸீமா. மகள நானும் மாமியும் பாப்பம்." மாமி என்று அவர் சொன்னது என் உம்மாவை.

மாதிரி வினாத்தாள்கள் உள்ள தடித்த புத்தகம் ஒன்றையும் ஆள் பிடித்துக் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தந்தார். வெள்ளிக்கிழமை காலைகளில் மகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு வினாத்தாள் செய்வேன். அப்படி எடுத்த புள்ளிகள்தான் நான் முதலில் சொன்ன அந்த மூன்றும்.

மூன்றாவது தடவை கூட்டிப் பார்த்துவிட்டு அழுதேன். வயலிலிருந்து வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, இந்த முறையும் குறஞ்சிட்டா?"

"எனக்கு ஏலா மச்சான். எண்ட மூளை மந்தம். நான் விடப்போறன்."

"விடுறெண்டா விடு. ஆனா இண்டைக்கு முடிவு எடுக்காத. அசரைத் தொழுதிட்டு யோசி."

அன்று பின்னேர அஸர் தொழுகையில், நெற்றி நிலத்தில் பதிந்த ஸுஜூதிலிருந்து தலையைத் தூக்க எனக்கு மனமில்லை. அதுவரை நான் கேட்ட துஆவெல்லாம் "றப்பே, எழுபது புள்ளி தா" என்பதுதான். அன்று அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "யா அல்லாஹ், எனக்குப் புள்ளி வேணாம். எங்க பிழை எண்டு மட்டும் காட்டு. காட்டினா நான் பாடுபடுறன். காட்டாட்டி இந்த ஆசைய எண்ட மனசில இருந்து எடுத்திடு" என்று கேட்டேன். நெஞ்சு கொஞ்சம் இலேசானது. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தில் தவமலர் என்று ஒரு பிள்ளை இருந்தாள். கல்முனையைச் சேர்ந்தவள், மீன்பிடிக் குடும்பம், என் வயதுதான். கடல் வந்த அன்று அவர்களுடைய வள்ளமும் வீடும் போயின. மலரும் அந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தாள். அது எனக்கும் தெரியும், நான் போட்டது அவளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஒரு கதிரைக்கு இரண்டு பேர். என்னத்தைக் கதைப்பது?

புத்தகத்தை அவளுடைய மேசையில் வைத்தேன்.

"நீ எடு மலர். எனக்கு இது சரிவராது."

அவள் புத்தகத்தை விரித்தாள். நான் செய்த விடைத்தாள்கள் உள்ளேயே இருந்தன, எடுக்க மறந்துவிட்டேன். வெட்கமாகப் போனது. பறிக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருகா நஸீமா. நீ எழுதின விடையில முக்கால்வாசிக்கு மேல சரி."

"பகிடி பண்ணாத. நாப்பத்தொண்டு."

"நீ மொத்தத்த மட்டுந்தான் பாத்திருக்காய். இந்தா, இதுக்குப் பிறகு எல்லாம் வெறுமை. நீ பிழையாச் செய்யல்ல. கடைசிக்குப் போய்ச் சேரவே இல்ல."

 எங்கே பிழை என்று காட்டு எனக் கேட்டேனே! காட்டிவிட்டான். யாரைக் கொண்டு காட்டினான் என்று பாருங்கள். அந்தப் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு "சரி, நன்றி" என்று அவள் சொல்லியிருந்தால் போட்டிக்கு ஒரு ஆள் குறைந்திருக்கும். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னாள்.

புள்ளி ஏன் குறைந்துகொண்டே போனது என்பதும் பிறகு விளங்கியது. படிக்கப் படிக்க எனக்குப் புதிய வழிமுறைகள் தெரியவந்தன. எல்லா வழியாலும் செய்து பார்த்து, சரிதானா என்று திரும்பவும் பார்ப்பேன். ஆங்கிலப் பந்தி வந்தால் ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் தமிழாக்கிய பிறகுதான் அடுத்த வசனத்துக்கே போவேன். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சேர்ந்து படித்தோம். அவளுக்கு ஆங்கிலம் நல்லம். எனக்குக் கணக்கு நல்லம். விகிதக் கணக்கென்றால் மலருக்குக் காய்ச்சலே வரும். "கரைவலைக்காரர் மீனைப் பங்கு பிரிக்கிற மாதிரித்தான் இது. வலைக்காரனுக்கு எத்தன பங்கு, இழுத்தவனுக்கு எத்தன பங்கு?" என்று கேட்டேன். "அப்படிச் சொல்லன்கா! இத ஏன் இங்கிலீசில இவ்வளவு சுத்திக் கேக்கிறான்?" என்று சிரித்தாள்.

எனக்கு அவள் இரண்டு சட்டம் போட்டாள். முதலில் கேள்வியை வாசி, அதற்குப் பிறகு பந்தியை வாசி. ஒரு கேள்வியில் இரண்டாம் தடவையும் தடுமாறினால் பக்கத்தில் ஒரு புள்ளடி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. கேட்க இலேசு. ஒரு கேள்வியைச் செய்யாமல் விட்டுப் போக என் கை இலேசில் சம்மதிக்கவில்லை. நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு வருகிற பஸ்ஸில்தான் அதைப் பழகினேன். காரைதீவு வருவதற்குள் ஒரு பந்தி. சாய்ந்தமருது வருவதற்குள் இன்னொன்று. முடியாவிட்டாலும் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். கொண்டக்டர் காசு கேட்டு மூன்று தரம் கூப்பிட்டதும் உண்டு.

அடுத்த வினாத்தாளில் ஐம்பத்தைந்து வந்தது. அதற்கடுத்தது அறுபத்துமூன்று. ஜௌபர் சந்தோசத்தில் மாட்டிறைச்சி வாங்கி வந்தார். மறு வெள்ளி ஐம்பத்தெட்டுக்கு விழுந்தேன். விடைத்தாளை மலரிடம் நீட்டினேன். மலர் கொஞ்சமும் அசரவில்லை.

"மகளுக்குக் காய்ச்சல் எண்டு ரெண்டு நாள் நீ நித்திரை கொள்ளல்ல. அது இந்தப் புள்ளிக்குத் தெரியுமா? நீ அடுத்ததச் செய்."

அடுத்தது எழுபத்தொன்று! நான் வீட்டுக்குள் சத்தம் போட்ட சத்தத்தில் உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தா. "என்ன மகள், பாம்பா?" என்று கேட்டா. "இல்ல உம்மா, எழுபத்தொண்டு!" என்றேன். அந்த நிலத்திலேயே ஸுஜூதில் விழுந்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் காலை இருவரும் கொழும்பு பஸ் ஏறினோம். யுத்தத்தின் கடைசி மாதங்கள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். மலருடைய அடையாள அட்டையில் சுனாமிக்குப் பிறகு அவர்கள் இருந்த தற்காலிகக் கொட்டில் முகவரி இருந்தது. அந்த இடம் இப்போது இல்லை. அவளை மட்டும் ஒரு பக்கமாக நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். கொண்டக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஏறுங்க. அவங்க விசாரிச்சு விட நேரம் போகும். எங்களுக்கு நிக்க ஏலா."

மலர் எனக்குக் கை காட்டினாள். "நீ போ நஸீமா! பரீட்சைய விடாத!"

உண்மையைச் சொல்கிறேன். யோசிக்கவே எனக்கு நேரம் இருக்கவில்லை. பையை இறக்கிக்கொண்டு அவளருகில் போய் நின்றேன். பஸ் போய்விட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த அதிகாரிக்குச் சொன்னேன். இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறோம், நாளைக்குப் பரீட்சை, இதோ அனுமதி அட்டைகள். அவர் எங்கள் அலுவலகத்துக்கு டெலிபோன் எடுக்கச் சொன்னார். லைன் கிடைக்கவில்லை. திரும்பவும் எடுத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டு வந்தது.  மலரின் கையைப் பிடித்தபடி "ஹஸ்புனல்லாஹ், அல்லாஹ் எங்களுக்குப் போதும்" என்று ஓதிக்கொண்டே இருந்தேன். அவள் தன் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

லைன் கிடைத்தது. அதிகாரி இரண்டு வார்த்தை கதைத்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவரே கையைக் காட்டி, பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி, "இந்த ரெண்டு பேரையும் கொண்டு போய்ச் சேர்" என்று சிங்களத்தில் சாரதிக்குச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்! பொழுது படுவதற்குள் கொழும்பு தெமட்டகொடையில் என் சாச்சி வீட்டில் இறங்கினோம். சாச்சி இருவருக்கும் ஒரே பீங்கானில் இடியப்பம் வைத்தா.

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் எனக்கும் மலருக்கும் இடையில் நிறைய மேசைகள். பிஸ்மி சொல்லித் தொடங்கினேன். மூன்றாவது கேள்வியே என்னை மறித்தது. புள்ளடி போட்டேன். போனேன். பந்தி வந்தது. கேள்வியை முதலில் வாசித்தேன். தமிழாக்கவில்லை. கை ஓடியது. கடைசிக் கேள்வியையும் முடித்துத் தலையை நிமிர்த்தினால், புள்ளடி போட்டவற்றுக்குத் திரும்பிப் போக நேரம் மிச்சமிருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணீர் வினாத்தாளில் விழாமல் முந்தானையால் பிடித்துக்கொண்டேன்.

நேர்முகமும் நடந்தது. யுத்தம் முடிந்து, வீதியில் சோதனைச் சாவடிகள் குறையத் தொடங்கிய நாட்களில் முடிவு வந்தது. எனக்கு எழுபத்தொன்பது. மலருக்கு எழுபத்தாறு. புலமைப்பரிசில் எனக்கு.

என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. மலருக்கு எப்படி முகம் கொடுப்பது என்று தெரியாமல் இருந்தேன். மறுநாள் அவளே நிந்தவூருக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"என்னகா, ஒளிச்சிக்கிட்டு இருக்காய்? நீ போய்ப் படி. அடுத்த வருஷம் நான் வாறன். ஆனா விகிதக் கணக்கு ஆர் சொல்லித் தாற?"

"நான்தான். வேற ஆரு?"

சொன்னபடி செய்தேன். படிப்புக்குப் போன பிறகும் வீட்டுக்கு வருகிற போதெல்லாம் மலரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் என் மகளின் பெயரோடு மலரின் பெயரையும் சொல்லித் துஆ கேட்டேன். என் துஆவுக்குப் பதிலாக அவளை அனுப்பினவன், அவளுக்காகக் கேட்டால் தர மாட்டானா?

அடுத்த வருஷம் ஒரு காலை. வகுப்புக்குப் போகிற வழியில் டெலிபோன் அடித்தது.

"நஸீமா! எண்பத்துநாலு! உன்ன விடக் கூட! உண்ட அல்லாஹ்கிட்டயும் சொல்லிடு, நான் எடுபட்டுட்டன்!"

"நான் சொல்லத் தேவையில்லடி. அவனுக்குத்தான் முதல்ல தெரியும்."

வீதியோரத்தில் நின்று அழுதேன். போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சகோதரிகளே, இன்று நான் நிந்தவூரில் அரிசி மா ஆலை ஒன்றை நடத்துகிறேன். "இனி என்ன செய்யிற?" என்று அன்று கேட்ட பெண்களில் பலர் என்னோடு வேலை செய்கிறார்கள். மா கொழும்புக் கடைகள் வரை போகிறது. மலர் மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறாள். சனிக்கிழமைகளில் இதே பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள், முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும். புள்ளி குறைந்து அழுதுகொண்டு வருகிற பிள்ளையின் விடைத்தாளை வாங்கிப் பார்க்க எனக்கு அலுப்பே வருவதில்லை.

உங்களில் யாராவது இன்று ஒரு கதவின் முன்னால் களைத்துப்போய் நிற்கலாம். வெட்கப்படாமல் அவனிடம் கேளுங்கள். எங்கே பிழை என்றும் கேளுங்கள், காட்டுவான். காட்டுவதற்கு அவன் யாரை அனுப்புவான் என்று நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்காதீர்கள். வந்தவரை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவருக்காகவும் கை ஏந்துங்கள். கை ஏந்தினவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப நம்மைப் படைத்தவன் வெட்கப்படுகிறான். நான் கண்டேன். நீங்களும் காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.