இடம் மாறிய நகரமன்றக் கோபுரம்

வால்ட்ராவுட் கிரெல் பிறந்தது 1921 பிப்ரவரி 9, லைப்சிக் நகரில். பதினோரு ஆண்டுகள் விதைப் பொட்டலங்களுக்கும் சோப்பு உறைகளுக்கும் படம் போட்டார். எதிலும் அவர் பெயர் இல்லை. 1958இல்தான் முதன்முதலாக அவர் பெயரோடு ஒரு புத்தகம் வரவிருந்தது: லைப்சிக் சந்தைகளைப் பற்றியது, பன்னிரண்டு மரச்செதுக்குப் படங்கள்.

பதினொன்று முடிந்திருந்தன. அவற்றை முதலில் தாளில் வரைந்து, பிறகு இடவலம் மாற்றி மரத்தில் ஏற்றியிருந்தார். அச்சில் எல்லாம் திரும்பி விழும் அல்லவா. கடைசிப் படத்துக்கு நேரமில்லாததால், பழைய நகரமன்றத்துக்கு முன்னாலுள்ள சந்தையிலேயே கட்டையை மடியில் வைத்து, பார்த்ததைப் பார்த்தபடி வரைந்து செதுக்கிவிட்டார்.

அக்டோபர் 15, புதன்கிழமை. அச்சுக்கூடத்தில் முதல் தாளை உரித்த அச்சாளர் பெர்ன்ஹார்ட் நாவ்கே அதைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா, கோபுரத்தைப் பேத்து அந்தப் பக்கம் வச்சிருக்கீங்க? மேயருக்குத் தெரியுமா?"

பழைய நகரமன்றத்தின் கோபுரம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக நிற்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். வால்ட்ராவுட் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். இந்த ஒரு கட்டையை மட்டும் அவர் இடவலம் மாற்றவில்லை.

"கேலி பண்ணாதீங்க நாவ்கே. சனிக்கிழமை பன்னிரண்டும் போகலைன்னா பதிப்பகத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"வேற கட்டை?"

"செதுக்குற பேரிக்கா மரம் டிசம்பர்லதான் வருமாம்."

நாவ்கே கட்டையைப் புரட்டினார். "முதுகு சும்மாதானே கெடக்கு? மறுபடி வரைய வேண்டாம். மை பூசுங்க, சீக்கிரம்!"

கட்டையிலிருந்து ஒரு தாளில் அடித்தார். ஈரம் காயுமுன் அதன்மேல் இன்னொரு தாளை வைத்து அழுத்தினார். அந்த இரண்டாம் தாளைக் கட்டையின் முதுகில் கவிழ்த்து மறுபடி அழுத்தினார். மங்கலாக, ஆனால் சரியாகத் திரும்பி, சந்தை முழுவதும் மரத்தில் இறங்கியிருந்தது. கட்டை சமமாக உட்கார, பழைய செதுக்கலை மூன்று மில்லிமீட்டர் இழைத்துத் தள்ளினார். குறைந்த உயரத்துக்கு அடியில் அட்டை கொடுத்துக்கொள்ளலாம்.

"என் வேலை முடிஞ்சுது. கையை அறுத்துக்காம செதுக்குங்க."

வெள்ளிக்கிழமை மாலை நாலேகாலுக்குக் கடைசிச் சீவல் விழுந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு கட்டைகளும் போய்ச் சேர்ந்தன. நவம்பர் 28 அன்று புத்தகம் வந்தது. தலைப்புப் பக்கத்தில் 'வால்ட்ராவுட் கிரெல்'.

நாவ்கேயின் பெயரையும் போடச் சொல்லி வால்ட்ராவுட் கேட்டிருந்தார். அப்படி வழக்கமில்லை என்றது பதிப்பகம். அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்தப் படத்தை அடித்தாலும், ஓரத்தில் பென்சிலால் ஒன்று என்று எண்ணிட்ட பிரதி நாவ்கே வீட்டுக்குப் போய்விடும். நல்ல விலை சொன்னவர்களுக்கும் அவர் ஒன்றாம் எண்ணைத் தந்ததில்லை. 1987 வரை இப்படிப் போனவை நூற்று நாற்பத்து மூன்று.

நூற்று நாற்பத்து மூன்றாவதைக் கொடுத்தபோது நாவ்கே அலுத்துக்கொண்டார்.

"போதும்மா. சுவரெல்லாம் தீர்ந்துபோச்சு. என் பொண்டாட்டி இனி என்னைத்தான் வெளியில மாட்டுவா."

"மாட்டட்டும். நேரா மாட்டச் சொல்லுங்க" என்றார் வால்ட்ராவுட், படத்தை அவர் கையில் திணித்தபடி.